தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க: நோட்-ரெட் முதல் பாடம்



"மோட்டார் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" நம் களமருதூர் வீடுகளில் காலை நேரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது மோட்டார் மறந்துபோகிறது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும்போதோ, "உங்க வீட்டு டேங்க் வழியுது" என்று பக்கத்து வீட்டார் குரல் கொடுக்கும்போதோதான் நினைவு வருகிறது.

ஆண்பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் வீடுகளில் இது இன்னும் சிரமம். முழங்கால் வலியோடு அம்மாவே ஈரப் படிகளில் ஏறித் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோடையில் வேறு கவலை. போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிவிட்டால், தண்ணீர் ஏறாமலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். காயில் கருகினால் மோட்டாரை வெளியே எடுத்து மறுபடி சுற்ற வேண்டும்; அதற்குள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. வழிந்தோடும் தண்ணீர் வீண்விரயம் என்பதையும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த ஒரு வேலையைப் பாடமாக எடுத்துக்கொண்டு, கணினி மொழி எதுவும் தெரியாதவர்களும் நிரல் அமைக்கும் ஒரு முறையை இங்கே கற்றுக்கொள்வோம். பிளஸ் டூ, ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், வீட்டு வேலைகளில் ஆர்வமுள்ள பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி கடைகளில் தயாராகவே கிடைக்கிறது. அது மட்டும்தான் தேவை என்றால் அதை வாங்கி மாட்டிவிடுங்கள். எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளவும், நம் வீட்டுக்கு ஏற்ற விதிகளை நாமே அமைக்கவும், நாளை அதையே ஒரு தொழிலாகச் செய்யவும் விரும்புபவர்களுக்கே இந்தப் பாடம்.

இது புதிய ஆசை அல்ல

மோட்டாரைத் தேடி நடப்பதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால், வயதான தம் தாத்தா வயல் மோட்டாரைப் போடுவதற்காக நெடுந்தூரம் நடந்ததைப் பார்த்து, கைப்பேசியால் பம்புசெட்டை இயக்கும் 'நானோ கணேஷ்' என்ற கருவியை உருவாக்கினார். 2009இல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையும் கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கருவிகளுக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தது. வயலுக்கு வந்த வசதியை வீட்டுக்கு நாமே அமைத்துக்கொள்ள உதவும் இலவச மென்பொருள்தான் நோட்-ரெட்.

படம் வரைவதே நிரல்

நிரல் என்றால் வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதுவது என்றுதான் நினைக்கிறோம். வேறொரு வழியும் உண்டு. ஒரு செங்கல் சூளையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மண் பிசைகிறார், அடுத்தவர் அச்சில் அடிக்கிறார், இன்னொருவர் காய வைக்கிறார். அடுத்தவர் என்ன செய்கிறார் என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. தன்னிடம் வந்ததை வாங்கி, தன் வேலையைச் செய்து, அடுத்த கைக்குத் தள்ளுகிறார்.

கணினி நிரலையும் இப்படிப் பிரிக்கலாம் என்று கனடாவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜே. பால் மாரிசன் 1970களின் தொடக்கத்திலேயே காட்டினார். ஒரு பெரிய வங்கியின் கணக்கு வேலைகளில் அவருடைய முறை பல்லாண்டுகள் ஓடியது. இதைப் பாய்வு முறை நிரலாக்கம் என்கிறோம்.

2013இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஐபிஎம்மைச் சேர்ந்த நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் இருவரும் தங்கள் வேலைக்கு உதவியாக உருவாக்கிய கருவிதான் நோட்-ரெட். அதே ஆண்டு செப்டம்பரில் அது திறமூலமாக வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாதச் சந்தா கிடையாது. இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும்.

நோட்-ரெட்டில் ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு சிறிய பெட்டி. அந்தப் பெட்டிக்கு 'நோட்' என்று பெயர். ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மவுசால் இழுத்துக் கம்பி போடுகிறோம். அந்தக் கம்பி வழியாக ஒரு செய்தி போகிறது. செய்திக்குள் இருக்கும் சரக்கை 'பேலோட்' என்பார்கள். தொட்டிப் பாடத்தில் நம் சரக்கு ஓர் எண்தான்: தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்பது.

தொடங்குவதற்கு என்ன வேண்டும்?

இந்த மாதப் பாடத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும். முதலில் நோட்.ஜேஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். பிறகு நோட்-ரெட் தளத்தில் 'தொடங்குதல்' பகுதியில் உள்ள நிறுவும் கட்டளையை நகலெடுத்துக் கட்டளைத் திரையில் ஒட்டுங்கள். நோட்-ரெட்டை ஓடவிட்டு, உலாவியின் முகவரிப் பட்டையில் 127.0.0.1:1880 என்று தட்டினால் பக்கம் திறக்கும். இடப்பக்கம் நோட்டுகளின் வரிசை, நடுவில் வெள்ளைத் தாள், வலப்பக்கம் தகவல் பலகை, மேலே வலது மூலையில் 'டிப்ளாய்' பொத்தான். எந்த மாற்றம் செய்தாலும் டிப்ளாயை அழுத்திய பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.

முதல் பாய்வு இரண்டே நோட்டுகள். 'இன்ஜெக்ட்' நோட்டை இழுத்துத் தாளில் போடுங்கள். நாம் அழுத்தும்போது அது ஒரு செய்தியை அனுப்பும். 'டீபக்' நோட்டை அதன் வலப்பக்கம் போடுங்கள். வந்த செய்தியை அது பலகையில் காட்டும். இரண்டுக்கும் கம்பி இழுத்து, டிப்ளாயை அழுத்தி, இன்ஜெக்ட்டின் இடது ஓரப் பொத்தானைத் தட்டுங்கள். வலப்பக்கப் பலகையில் வண்டுப் படம் போட்ட தாவலில் ஒரு நீண்ட எண் வரும். அந்த நொடியின் நேரம் அது. உங்கள் முதல் நிரல் ஓடிவிட்டது.

கணினியை மூடிவிட்டுக் காகிதத்தை எடுங்கள்

அவசரப்பட்டு அடுத்த நோட்டை இழுக்காதீர்கள். இத்தனை நாளும் மோட்டாரைக் கவனித்தவர் யாரோ, அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அம்மாவாகவோ மனைவியாகவோ இருக்கும். எப்போது மோட்டார் போடுகிறீர்கள்? நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது? தண்ணீர் ஏறவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கரண்ட் போய் வந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்களை எழுதிப் பாருங்கள். அநேகமாக இப்படி இருக்கும்:

1. தொட்டி 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் ஓடட்டும்.
2. 95 சதவீதத்தைத் தொட்டால் நிற்கட்டும்.
3. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.
4. வழக்கமாக 25 நிமிடத்தில் நிரம்பும் தொட்டி 40 நிமிடம் ஆகியும் நிரம்பவில்லை என்றால் எங்கோ தவறு. மோட்டார் நிற்கட்டும், ஒரு மனிதர் வந்து பார்க்கும்வரை திரும்ப ஓடக் கூடாது.

மூன்றாவது விதியை விட்டுவிடாதீர்கள். 'நிரம்பவில்லை என்றால் ஓடு, நிரம்பினால் நில்' என்று மட்டும் வைத்தால், ஒரு குவளை தண்ணீர் எடுத்தவுடன் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், மறுபடி ஓடும். மோட்டாருக்கு அதைவிடக் கேடு இல்லை. நான்காவது விதிதான் இந்தப் பாடத்தின் உயிர்.

தொட்டிப் பாய்வு

உண்மையான தொட்டிக்குப் பதிலாக மூன்று இன்ஜெக்ட் நோட்டுகளை வைத்துப் பழகுவோம். அவற்றை இருமுறை தட்டித் திறந்து, பேலோடை 'எண்' வகைக்கு மாற்றி 20, 60, 96 என்று கொடுங்கள்.

அடுத்து ஒரு 'ஸ்விட்ச்' நோட். சுவரில் இருக்கும் சுவிட்ச் என்று எண்ண வேண்டாம். இது செய்திகளைப் பிரித்து அனுப்பும் முச்சந்தி. இதில் இரண்டு விதிகள்: 30 அல்லது அதற்குக் குறைவு என்றால் முதல் வாசல், 95 அல்லது அதற்கு அதிகம் என்றால் இரண்டாம் வாசல். 60 வந்தால் எந்த வாசலும் திறக்காது. மூன்றாவது விதி தானாகவே நிறைவேறிவிட்டது.

முதல் வாசலில் ஒரு 'சேஞ்ச்' நோட்டை மாட்டி, பேலோடை 1 என்று மாற்றுங்கள். இரண்டாம் வாசலில் இன்னொரு சேஞ்ச் நோட், பேலோட் 0. நம் கணக்கில் 1 என்றால் ஓடு, 0 என்றால் நில். எல்லா இடத்திலும் 'எண்' வகையாகவே வையுங்கள். ஓரிடத்தில் எழுத்து வகை கலந்தால் ஒப்பிடும் நோட் இரண்டையும் வெவ்வேறாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு சேஞ்ச் நோட்டுகளையும் ஒரே 'ஃபில்டர்' நோட்டுக்கு இழுங்கள். 'மதிப்பு மாறினால் மட்டும் விடு' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். 1, 1, 1 என்று பத்து முறை வந்தாலும் முதல் 1 மட்டுமே கடந்து போகும். ஃபில்டரின் மறுபக்கம் ஒரு டீபக் நோட்டை மாட்டுங்கள். இப்போதைக்கு அதுதான் நம் மோட்டார்.

டிப்ளாய் செய்து தட்டிப் பாருங்கள். 20 தட்டினால் 1 வரும். 60 தட்டினால் ஒன்றும் வராது. மறுபடி 20 தட்டினாலும் ஒன்றும் வராது. 96 தட்டினால் 0 வரும். முதல் மூன்று விதிகளும் முடிந்தன.

தண்ணீர் ஏறவில்லை என்றால்?

இனி நான்காவது விதி. 'ட்ரிக்கர்' நோட் ஒன்றை எடுங்கள். ஃபில்டரிலிருந்து இதற்கும் ஒரு கம்பி இழுங்கள். ட்ரிக்கரிலிருந்து டீபக்குக்கு இன்னொரு கம்பி. உள்ளே திறந்து இப்படி அமையுங்கள்: முதலில் எதையும் அனுப்பாதே, 40 நிமிடம் காத்திரு, பிறகு 0 அனுப்பு. பேலோட் 0 வந்தால் காத்திருப்பதைக் கைவிடு. சோதிக்கும்போது மட்டும் 40 நிமிடத்தை 40 நொடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட் இன்னும் பாக்கி. நான்காவது இன்ஜெக்ட் நோட் ஒன்றைப் போட்டு, எண் 0 கொடுத்து, 'மீட்பு' என்று பெயரிட்டு, நேராக ஃபில்டருக்கு இழுங்கள்.

இப்போது 20 தட்டிவிட்டுக் காத்திருங்கள். முதலில் 1 வரும். 40 நொடியில் ட்ரிக்கரிடமிருந்து 0 வரும், மோட்டார் நிற்கும். மறுபடி 20 தட்டுங்கள்; ஒன்றும் நடக்காது. ஏன்? ஃபில்டர் கடைசியாக விட்டது 1. ட்ரிக்கர் அனுப்பிய 0 ஃபில்டரைக் கடக்காமல் நேராகப் போய்விட்டதால், அது ஃபில்டருக்குத் தெரியாது. ஆகவே அடுத்தடுத்து வரும் 1களை அது தடுத்துக்கொண்டே இருக்கும். யாராவது வந்து பார்த்துவிட்டு 'மீட்பு' தட்டினால்தான் மோட்டாருக்கு மறுபடி வழி திறக்கும்.

ட்ரிக்கரை ஃபில்டருக்கு முன்னால் வைத்திருந்தால் கதை வேறு. வற்றிய போர்வெல்லில் மோட்டார் 40 நிமிடம் ஓடி நின்று, அடுத்த அளவீடு வந்ததும் மறுபடி 40 நிமிடம் ஓடியிருக்கும். அதே நோட்டுகள், இடம் மட்டும் மாறினால் மோட்டார் கருகிவிடும். பாய்வு முறையில் படம்தான் நிரல் என்பதன் பொருள் இதுதான்.

ஓட வைப்பது எளிது. எந்தக் கோளாறு வந்தாலும் தானாக நிற்கும்படி வைப்பதே நாம் கற்க வேண்டியது.

உண்மையான தொட்டிக்குப் போகும்போது

இன்ஜெக்ட் நோட்டுகளில் சரியாக ஓடிய பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். தொட்டி மூடியில் ஒலி அலையால் தூரம் அளக்கும் நீர் புகாத சென்சாரைப் பொருத்தலாம். அது தண்ணீர்ப் பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். மிக அருகில் இருப்பதை அதனால் அளக்க முடியாது என்பதால், தொட்டி நிறைந்தாலும் 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி உயர்த்திப் பொருத்துங்கள். நிறைந்தபோது 25, காலியானபோது 120 சென்டிமீட்டர் என்றால், 'ரேஞ்ச்' நோட்டில் 25 முதல் 120 வரை உள்ளதை 100 முதல் 0 வரை மாற்றும்படி கொடுத்தால் சதவீதம் கிடைத்துவிடும்.

மாடிக்கும் கணினிக்கும் இடையே செய்தி கொண்டுபோவது 'எம்க்யூடிடி' என்ற முறை. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். ஊர்த் தபால் நிலையம் போன்றது. தொட்டி தன் செய்தியை 'வீடு/மாடி/தொட்டி' என்ற முகவரியில் போட்டுவிடும். அந்த முகவரிக்கு வருவதைக் கேட்டிருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'மாஸ்கிட்டோ' என்ற இலவச மென்பொருள் அந்தத் தபால் நிலையத்தை உங்கள் கணினியிலேயே நடத்தும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்க லேப்டாப்புக்குப் பதில் ராஸ்ப்பெரி பை என்ற சிறிய கணினியை இன்வெர்ட்டரில் மாட்டிவிடலாம்.

சென்சாரையும் ரிலேயையும் தாங்கும் சிறிய வைஃபை பலகையில் 'டாஸ்மோட்டா' என்ற இலவச மென்பொருளை ஏற்றலாம். சென்சார்களுக்கான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்று அமைப்புகளை மறக்காதீர்கள்:

1. அளவீடு இயல்பாக 300 நொடிக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் தொட்டி வழிந்துவிடும். 'டெலிபீரியட்' அமைப்பை 10 நொடியாக்குங்கள்.
2. கரண்ட் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையில் தொடங்கும்படி 'பவர்ஆன்ஸ்டேட்' அமைப்பை 0 ஆக்குங்கள்.
3. மோட்டார் ஓடும்போது கணினியே நின்றுபோனால் 'நில்' என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காக ரிலேயிலேயே ஒரு கெடு வையுங்கள். 'பல்ஸ்டைம்' அமைப்பில் நொடிகளோடு 100 கூட்டிக் கொடுக்க வேண்டும். 45 நிமிடம் என்றால் 2700 நொடி, ஆக 2800.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

230 வோல்ட் மின்சாரத்தில் பாடம் படிக்காதீர்கள். ரிலேக்கு அந்தப் பக்கம் உள்ள வேலை முழுவதும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனுடையது. ஒரு ஹெச்பி மோட்டார் என்பது 746 வாட். தொடங்கும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. சிறிய ரிலேயில் நேராக மோட்டாரை மாட்டினால் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கணினி ஆயிரம் முறை 'நில்' என்றாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு காண்டாக்டரை இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். சுவரில் இருக்கும் பழைய சுவிட்சைக் கழற்றாதீர்கள். கணினி தெரியாத பெரியவர்கள் எந்த நேரத்திலும் கையால் நிறுத்த முடிய வேண்டும்.

அடுத்தது பூட்டு. நோட்-ரெட் நிறுவியவுடன் அதற்குக் கடவுச்சொல் கிடையாது. உங்கள் வைஃபையில் இணையும் எவரும் பக்கத்தைத் திறந்து மோட்டாரை ஓட்டலாம். அமைப்புக் கோப்பில் நிர்வாகக் கடவுச்சொல்லை இடுங்கள். துபாயிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 1880ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். வீட்டுக் கதவை ஊருக்கே திறந்து வைப்பதற்குச் சமம் அது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'தொட்டி நிரம்பியது', 'மோட்டார் 40 நிமிடத்தில் நிறுத்தப்பட்டது' என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கு வரட்டும்; டெலிகிராம் வழியாக அதை அமைக்கலாம். ஆனால் மோட்டாரை இயக்கும் உரிமை வீட்டில் இருப்பவரிடமே இருக்கட்டும். அம்மா குழாயடியில் நிற்கும்போது எங்கோ இருந்து நாம் பொத்தானைத் தட்டுவது உதவியாகாது. அவருக்குத் தெரியாமல் எதுவும் ஓடக் கூடாது.

பயிற்சி

1. உங்கள் தொட்டி காலியிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று மூன்று நாட்கள் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நான்காவது விதியின் கெடுவைத் தீர்மானியுங்கள்.
2. சென்சார் கெட்டுப்போய் எப்போதும் 20 என்றே காட்டினால் நம் பாய்வு என்ன செய்யும்? கம்பிகளைத் தொடர்ந்து போய்ச் சொல்லுங்கள்.
3. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மோட்டார் ஓடக் கூடாது என்ற ஐந்தாவது விதியை எந்த இடத்தில் செருகுவீர்கள்? முதலில் காகிதத்தில் வரையுங்கள்.
4. வீட்டு ரிலேயும் பள்ளிவாசல் உளூ தொட்டியும் ஒன்றல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தண்ணீர் வேகமாகக் குறையும். அங்கே 30 சதவீதம் என்ற எல்லை போதுமா?

மேலும் தமிழிலேயே படிக்க விரும்புவோர் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இணைய இதழைப் பாருங்கள். திறமூல மென்பொருள் பற்றிய கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது பயிற்சியின் விடையை உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வாய்மொழியாக விளக்கிச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டுவிட்டு "சரி, அப்படின்னா பயமில்லை" என்று சொன்னால், உண்மையான ரிலேயை வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தால், இன்னும் ஒரு நோட் தேவைப்படுகிறது.

இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டு மாடிப்படிகளில் இனி துணி காயப்போட மட்டும் அம்மா ஏறட்டும்.